சுகர் என்று ரிப்போர்ட் வந்த பிறகு: முதல் மூன்று மாதச் சாப்பாட்டு வழிகாட்டி

ரிப்போர்ட் கைக்கு வந்த அன்று இரவே பல வீடுகளில் அரிசிப் பானை ஓரங்கட்டப்படும். மறுநாள் காலை பாகற்காய்ச் சாறு, மதியம் கேப்பைக் களி, ராத்திரி இரண்டு சப்பாத்தி. மூன்றாவது வாரம் யாராவது வீட்டுக் கல்யாணத்தில் எல்லாம் கவிழ்ந்துவிடும். எனக்குச் சுகர் வந்தபோது நானும் இப்படித்தான் ஆரம்பித்தேன். அப்புறம் அக்காவுக்கும் மாமனாருக்கும் வந்தபோது, அவர்களும் அதே இடத்தில் தடுக்கி விழுந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எதைச் சாப்பிடக் கூடாது என்று எல்லோருக்கும் ஓரளவு தெரிகிறது. எதை முதலில் மாற்றுவது, எதை அப்புறம் மாற்றுவது என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

இரண்டாம் வகை நீரிழிவு இருப்பது புதிதாகத் தெரிந்த பெரியவர்களுக்காக இதை எழுதுகிறேன். கர்ப்பிணிகள், முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தங்கள் டாக்டர் தரும் திட்டத்தையே பின்பற்ற வேண்டும். எடை மளமளவென்று குறைவது, அடங்காத தாகம், வாந்தி, மூச்சு வாங்குவது என்று ஏதாவது இருந்தால் சாப்பாட்டை ஆராய்ந்துகொண்டிருக்க நேரமில்லை. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆரம்பிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு குளுக்கோமீட்டர். வாங்கும்போது மீட்டரின் விலையைப் பார்க்காதீர்கள், ஸ்ட்ரிப் விலையைப் பாருங்கள். மீட்டர் ஒருமுறை செலவு, ஸ்ட்ரிப் மாதாமாதம் செலவு. உங்கள் தெரு மருந்துக் கடையில் அந்த ஸ்ட்ரிப் கிடைக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சமையலறையில் வைக்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று. இது எதற்கு என்று நான்காவது படியில் தெரியும். நாற்பது பக்க நோட்டு ஒன்று.

பழைய ரிப்போர்ட்டுகள். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 126 (மி.கி./டெ.லி.), அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.5 சதவீதம், அல்லது அவற்றுக்கு மேல் என்றால் நீரிழிவு என்று கணக்கு. உடம்பில் எந்த அறிகுறியும் இல்லாதவருக்கு ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு கட்டுவதில்லை, இரண்டாவதாக ஒன்று எடுத்து உறுதி செய்வார்கள். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சி கூடுதலாகக் காட்டக்கூடும். நம் வீட்டுப் பெண்களுக்கு இது முக்கியம், ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

1. முதலில் மாத்திரைச் சீட்டைப் படியுங்கள்

சாப்பாட்டில் கை வைப்பதற்கு முன் மாத்திரையைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சுகர் ஆபத்தாக இறங்குவது அபூர்வம். கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு போன்றவை அப்படியில்லை. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அவை இன்சுலினைச் சுரக்க வைக்கும். வழக்கமான சோற்றை நம்பி டாக்டர் மாத்திரை கொடுத்திருப்பார். நீங்கள் சோற்றைப் பாதியாக்கினால் மாத்திரை அதிகமாகிவிடும்.

என் மாமனார் காலை எட்டு மணிக்கு மாத்திரையைப் போட்டுவிட்டு, டயட் என்று ஒரு டம்ளர் மோரோடு நிறுத்திக்கொண்டார். பதினோரு மணிக்குச் சட்டை நனைய வியர்த்து, கை நடுங்க உட்கார்ந்திருந்தார். அளந்தால் 58. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி அளந்தோம். இதுதான் முறை: 70க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் காத்திருப்பு, மறுபடி அளவு. இன்னமும் ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஆள் நினைவில்லாமல் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஆஸ்பத்திரிதான்.

ஆக, சீட்டை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "சோற்றைக் குறைக்கப் போறேன், மாத்திரையை மாத்தணுமா?" டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எழுதியிருந்தால், மாவுச்சத்தை அடியோடு நிறுத்தும் டயட்டுகள் பக்கம் போகவே வேண்டாம். ரத்தத்தில் அமிலம் சேரும் அபாயம் உண்டு.

2. மூன்று நாள் எதையும் மாற்றாமல் அளந்து எழுதுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். எங்கே ஏறுகிறது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே நாளில் குறைத்தால், எது பலன் கொடுத்தது என்று கடைசிவரை தெரியாது. தேவையில்லாமல் பிடித்த பண்டத்தை விட்டுவிட்டு, ஏற்றுகிற பண்டத்தை வைத்துக்கொண்டிருப்போம்.

வழக்கம்போல் சாப்பிடுங்கள். ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் ஒரு குத்து, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரத்தில் ஒரு குத்து. சாப்பிட்டு முடித்த நேரத்திலிருந்து எண்ணக் கூடாது. நோட்டில் சாப்பிட்டதை அளவோடு எழுதுங்கள். "இட்லி" என்று எழுதினால் உதவாது, "4 இட்லி, தேங்காய்ச் சட்னி, 128, 214" என்று எழுத வேண்டும். இது என் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் வரி.

பலரும் ஸ்ட்ரிப்பை மிச்சம் பிடிக்க வெறும் வயிற்றில் மட்டும் பார்ப்பார்கள். வெறும் வயிற்று அளவு முக்கியமாக ராத்திரி முழுக்கக் கல்லீரல் விடும் சர்க்கரையைக் காட்டுகிறது. மதியம் சாப்பிட்ட சோறு என்ன செய்தது என்று அது சொல்லாது. தட்டைத் திருத்த வேண்டுமென்றால் சாப்பிட்ட பிறகு வரும் அளவுதான் வேண்டும்.

குத்துவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவித் துடையுங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்திவிட்டு 300 என்று பார்த்துப் பதறியவர்கள் உண்டு. விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறைவு. ஸ்ட்ரிப் டப்பாவை மூடியே வையுங்கள், ஈரக்காற்றில் ஸ்ட்ரிப் கெட்டுவிடும். லேப் அளவுக்கும் மீட்டருக்கும் 15 சதவீதம் வரை வித்தியாசம் இருக்கலாம் என்பது மீட்டர்களுக்கான சர்வதேசத் தர விதியே ஒப்புக்கொள்வது. 142க்கும் 150க்கும் இடையே அர்த்தம் தேட வேண்டாம்.

பொதுவான இலக்கு: சாப்பிடும் முன் 80 முதல் 130, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 180க்குள். வயதானவர்களுக்கு டாக்டர் கொஞ்சம் தளர்த்திச் சொல்வார். நான் கூடவே இன்னொன்றும் பார்க்கிறேன். முன் அளவுக்கும் பின் அளவுக்கும் உள்ள இடைவெளி 50க்குள் இருந்தால் அந்தச் சாப்பாடு எனக்கு ஒத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்வேன்.

3. டம்ளரிலிருந்து ஆரம்பியுங்கள்

முதல் மாற்றம் குடிப்பதில். காரணம், இதில் பலன் பெரிது, பசி கிடையாது, வீட்டில் யாருடைய சமையலும் மாற வேண்டியதில்லை. ஒரு டம்ளர் காபிக்கு இரண்டு டீஸ்பூன், நாளைக்கு நாலு டம்ளர் என்றால் 40 கிராம் சர்க்கரை. அது திரவமாக இறங்குவதால் ரத்தத்தில் வேகமாக ஏறும்.

ஒரு வாரத்துக்குப் பாதி, அடுத்த வாரம் இல்லாமல். நாக்கு பத்துப் பதினைந்து நாளில் பழகிவிடுகிறது, அப்புறம் கல்யாண வீட்டுக் காபி வாயில் வைக்க முடியாது. வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று தாவுவதுதான் இங்கே நடக்கும் பிழை. ருசி வேறு, ரத்தத்துக்கு எல்லாம் சர்க்கரைதான். பழச்சாறு, கரும்புச்சாறு, மால்ட் மாவு கலந்த பால் எல்லாம் இதே கணக்கில் வரும். இளநீரைப் பயந்து ஒதுக்க வேண்டாம், ஆனால் அதிலும் காய்க்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்து குடியுங்கள்.

4. சோற்றை எடை போடுங்கள்

தராசு இதற்குத்தான். நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் தட்டைத் தராசில் வைத்து, எடையைப் பூஜ்யமாக்கிக்கொண்டு, எப்போதும்போல் சோற்றைப் போடுங்கள். குறைத்துப் போட்டு ஏமாற்ற வேண்டாம். எனக்கு 380 கிராம் வந்தது. அது குழம்புக்கு மட்டும், ரசத்துக்கும் மோருக்கும் போட்டது தனி. வெந்த சோற்றில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து. 380 கிராம் என்றால் 106 கிராம், அதாவது இருபது டீஸ்பூன் சர்க்கரைக்குச் சமமான மாவுச்சத்து. நான் "கொஞ்சமாத்தான் சாப்பிடுவேன்" என்று டாக்டரிடம் சொன்ன அளவு இது.

இந்த எண்ணைப் பார்த்ததும் அரிசியை நிறுத்தாதீர்கள். முதல் வாரம் கால்வாசி குறையுங்கள், அடுத்த வாரம் இன்னொரு கால்வாசி. எனக்கு 150 கிராமில் வந்து நின்றது. உங்களுக்கு எங்கே நிற்கும் என்பதை இரண்டு மணி நேர அளவு சொல்லும். உடல் உழைப்பு உள்ளவருக்குக் கூடுதலாக இருக்கலாம். அளவு பிடிபட்டதும் அது எத்தனை கரண்டி என்று பார்த்து அந்தக் கரண்டியையே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தராசு வேண்டாம்.

அரிசிக்குப் பதில் எதை மாற்றுவது என்ற கேள்வி இதற்குப் பிறகுதான். ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டுப் பட்டியல்படி, 100 கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து 78 கிராம், கேழ்வரகில் 67, வரகில் 66, சாமையில் 65 அல்லது 66. வித்தியாசம் அவ்வளவுதான். நார்ச்சத்தில்தான் கேழ்வரகு முந்துகிறது: அரிசியில் 3 கிராம்கூட இல்லை, கேழ்வரகில் 11. அதனால் அதே அளவில் மாற்றினால் நன்மை உண்டு. ஆனால் நடப்பது வேறு. "சிறுதானியம்தானே" என்று இரண்டு மடங்கு சாப்பிடுகிறார்கள், அல்லது நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடிக்கிறார்கள். மாவு எவ்வளவு நைசோ அவ்வளவு வேகமாகச் செரிக்கும். என் அக்காவுக்குக் கேப்பைக் கஞ்சி இட்லியைவிட அதிகம் ஏற்றியது. அவள் நம்பவில்லை, மூன்று நாள் தொடர்ந்து அளந்த பிறகுதான் நம்பினாள்.

கஞ்சி வடித்த சோறு என்றால் சுகர் போய்விடும் என்று சொல்வார்கள். மாவுச்சத்தில் பெரும்பகுதி பருக்கைக்குள்ளேயே இருக்கிறது, வடிகஞ்சியோடு போவது கொஞ்சம்தான். சப்பாத்தியும் இதே கதை. 30 கிராம் மாவில் செய்த ஒரு சப்பாத்தியில் 20 கிராம் மாவுச்சத்து உண்டு. ஐந்து சப்பாத்தி சாப்பிட்டால் நான் முன்பு சாப்பிட்ட 380 கிராம் சோற்றுக்கு ஏறக்குறையச் சமம்.

5. காலியான இடத்தை நிரப்புங்கள்

சோற்றைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் ஒன்றும் வைக்காதவருக்கு நாலு மணிக்குப் பசி வரும், கை மிக்சர் டப்பாவுக்குப் போகும். டயட் உடைவது பெரும்பாலும் இந்த நாலு மணிக்குத்தான்.

தட்டில் பாதி காய்: பொரியல், கூட்டு, கீரை, அவியல் எதுவானாலும். ஒரு ஸ்பூன் ஊறுகாய் மாதிரி ஓரத்தில் வைக்காமல், குறைந்தது 150 கிராம். உருளை, மரவள்ளி, சேனை, சர்க்கரைவள்ளி ஆகியவற்றைக் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள், சோற்றுக் கணக்கில் சேருங்கள். கேரட்டுக்கும் பீட்ரூட்டுக்கும் பயப்பட வேண்டாம்.

கால் பங்கு புரதம். இங்கேதான் நம் சைவத் தட்டு நொண்டுகிறது. நீர்க்க வைத்த சாம்பாரில் பருப்பு எங்கோ அடியில் இருக்கும். கெட்டிப் பருப்பு, சுண்டல், பாசிப்பயறு, மொச்சைக் குழம்பு, பன்னீர், தயிர் என்று ஏதாவது ஒன்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். அசைவம் என்றால் மீன், முட்டை, கோழி. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், 30 கிராம் காய்ந்த கொண்டைக்கடலையிலும் ஏறக்குறைய அதே அளவுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தரவை வைத்துச் சென்னை ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. புதிதாக நீரிழிவு வந்தவர்கள் அதிலிருந்து மீள, கலோரியில் மாவுச்சத்தை 49 முதல் 54 சதவீதத்துக்குக் குறைத்து, புரதத்தை 20 சதவீதத்துக்குப் பக்கம் கொண்டுபோகச் சொல்கிறது அது. சோறு அறவே கூடாது என்று அதுவும் சொல்லவில்லை.

6. அதே தட்டு, வேறு வரிசை

செலவே இல்லாத படி இது. முதலில் காய், அடுத்து பருப்போ மீனோ, கடைசியில் சோறு. நாரும் புரதமும் முன்னால் போனால் வயிறு மெதுவாகக் காலியாகும், சர்க்கரை ஒரேயடியாக ஏறாது. சாம்பாரில் சோற்றைப் பிசைந்துதான் பழக்கம் என்றால் காயில் பாதியையாவது முதலில் சாப்பிட்டுவிடுங்கள். சாப்பிட்டு எழுந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் நடை. மாடியிலோ வராந்தாவிலோ நடந்தால் போதும். தசை வேலை செய்யும்போது ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது.

7. காலை டிபன்

மதியம் பிடிபட இரண்டு மூன்று வாரம் ஆகும். அதன் பிறகு காலைக்கு வாருங்கள். இரண்டையும் ஒன்றாக ஆரம்பித்தவர்களில் தாக்குப்பிடித்தவர்களை நான் பார்த்ததில்லை.

பலருக்கும் காலையில்தான் உடம்பு இன்சுலினுக்குச் சரியாக இணங்காது. விடியற்காலையில் சுரக்கும் ஹார்மோன்கள் அதற்கு ஒரு காரணம். ராத்திரி ஒன்றும் சாப்பிடாமல் படுத்தும் காலையில் 150 காட்டுவது இதனால்தான். ராத்திரிச் சாப்பாட்டை இன்னும் வெட்டுவது அதற்கு மருந்தாகாது, டாக்டரிடம் சொல்லுங்கள்.

நம் டிபன் முழுக்க அரிசியும் ரவையும். ஒரு இட்லியில் 10 முதல் 12 கிராம் மாவுச்சத்து இருக்கும். நான் இரண்டு இட்லியும் ஒரு கிண்ணம் கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டலும் என்று மாற்றினேன், சுண்டலை முதலில் சாப்பிட்டேன். 131, 168. நாலு இட்லி நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாசிப்பயறு தோசை, பருப்பு தூக்கலாக அரைத்த அடை, காய் பாதியும் ரவை பாதியுமான உப்புமா, இரண்டு முட்டையோடு ஒரு தோசை எல்லாம் எங்கள் வீட்டில் ஓடுபவை. இட்லி மாவில் நாலுக்கு ஒன்று என்றிருக்கும் உளுந்தை இரண்டுக்கு ஒன்று ஆக்கினால் வீட்டில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். தோசை கொஞ்சம் மெத்தென்று வரும், அவ்வளவுதான்.

ஓட்ஸ் வாங்குவதானால் முழுசாகவோ பெரிய அவலாகவோ வாங்குங்கள். இரண்டு நிமிடத்தில் வேகும் மசாலா ஓட்ஸ் நைசாக்கப்பட்டது, சீக்கிரம் ஏற்றும்.

8. ராத்திரி

எட்டு மணிக்குள், மதியத்தின் சின்ன வடிவம். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. பழம் மட்டும் சாப்பிட்டுப் படுப்பது வேண்டாம், அது சர்க்கரையும் ஏற்றும், பசியும் அடங்காது.

9. பழமும் நொறுக்கும்

கொய்யா, பப்பாளி, ஆப்பிள், நாவல் எல்லாம் அளவோடு சாப்பிடலாம். வாழை என்றால் சின்னதாக ஒன்று, மாம்பழம் என்றால் ஓரிரு துண்டு. சாப்பாட்டோடு சேர்க்காமல் இடைவேளையில், கடித்துத் தின்ன வேண்டும். "சர்க்கரை சேர்க்காதது" என்று எழுதிய பிஸ்கட்டைத் திருப்பிப் பாருங்கள், முதல் பெயர் மைதாவாக இருக்கும். ஒரு கைப்பிடி வேர்க்கடலை இதைவிட எவ்வளவோ மேல்.

வெந்தயம், பாகற்காய் எல்லாம் சாப்பிடலாம், சாப்பாட்டுப் பொருள்தானே. மாத்திரைக்குப் பதிலாக அவற்றை நம்பக் கூடாது.

10. விசேஷ நாள்

போகாமல் இருக்க முடியாது. இலையில் உட்கார்ந்ததும் கூட்டு, பொரியல், பருப்பை முடியுங்கள், சோறு ஒரு கரண்டி. பாயசமா ஜிலேபியா என்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். சாயங்காலம் அளந்து 240 வந்தால் அதை நோட்டில் எழுதுங்கள், மறுநாள் பட்டினி கிடக்காதீர்கள். முதல் படியில் சொன்ன மாத்திரைக்காரர்களுக்குப் பட்டினி ஆபத்து. மதுவும் அப்படித்தான்: வெறும் வயிற்றில் குடித்தால் சுகர் பல மணி நேரம் கழித்து, தூக்கத்தில்கூட இறங்கலாம்.

11. மூன்று மாதம் முடிந்ததும்

சிவப்பணுக்களின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள் என்பதால் ஹெச்பிஏ1சியை மூன்று மாதத்துக்கு முன்னால் எடுத்துப் பயனில்லை. பலருக்கும் இலக்கு 7க்குக் கீழே. சோதனை நாளில் மட்டும் இரண்டு இட்லி சாப்பிட்டு லேப்பை ஏமாற்றுபவர்கள் உண்டு. சாப்பிட்ட பின் அளவு அழகாக வரும், ஹெச்பிஏ1சி காட்டிக்கொடுத்துவிடும்.

நோட்டையும் ரிப்போர்ட்டையும் டாக்டர் மேஜையில் வையுங்கள். எண்கள் இறங்கியிருந்தால் மாத்திரையைக் குறைக்க அவருக்கு ஆதாரம் கிடைக்கும், நீங்களாக நிறுத்த வேண்டாம். சிறுநீரில் அல்புமின், ரத்தத்தில் கிரியாட்டினின் (இரண்டும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும்), பாதத்தில் உணர்ச்சி, விழித்திரை ஆகிய சோதனைகள் நீரிழிவு தெரிந்த உடனேயே ஆகியிருக்க வேண்டும். விட்டிருந்தால் இப்போதே கேளுங்கள்.

விழித்திரைச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது, மூக்குக்கண்ணாடியைத்தான் தள்ளிப்போட வேண்டும். சுகர் வேகமாக இறங்கும் வாரங்களில் கண்ணின் லென்ஸில் நீரளவு மாறி, பார்வை மங்கும். அளவு நிலையாகிச் சில வாரங்களில் பெரும்பாலும் தானே சரியாகும். அக்கா இரண்டாவது வாரமே பயந்துபோய்ப் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டாள். இரண்டு மாதத்தில் அது அவளுக்குப் பொருந்தாமல் போய்விட்டது, பீரோவில் கிடக்கிறது.